பிலிப் ஹென்றி கோஸ்

பிலிப் ஹென்றி கோஸ் (ஏப்ரல் 6, 1810 - ஆகஸ்ட் 23, 1888) ஓர் ஆங்கிலேய இயற்கையியலாளர், நூலாசிரியர், ஓவியர் ஆவார். கடல்வாழ் உயிரினங்களைக் கடலுக்கு வெளியே, கண்ணாடித் தொட்டியில், நீண்ட காலம் உயிருடன் வைத்திருக்கும் முறையை வகுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். இன்று உலகெங்கும் வழங்கும் அக்குவாரியம் என்ற சொல்லை நீர்வாழ் உயிரினத் தொட்டிக்குரிய பெயராக நிலைபெறச் செய்தவரும் இவரே. கடலிலிருந்து தொலைவில் வாழ்வோரும் கடல்நீர்த் தொட்டி வைத்துக்கொள்ளும் வகையில், உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் அளவுக்குறிப்பு ஒன்றை 1854 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிரித்தானியக் கடல்களின் கடற்சாமந்திகளையும் பவளங்களையும் பற்றி இவர் எழுதிய நூல் அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும்.

இன்று வீடுகளில் பவளத்தொட்டி வைத்திருப்போர் நீரின் உப்பளவு, கால்சியம், காரத்தன்மை, மக்னீசியம் ஆகியவற்றை மாறாமல் காத்து வருகின்றனர். தொட்டியில் காக்கப்பட வேண்டியது முதலில் நீர். நீர் நிலைத்தால் உயிர் தானே நிலைக்கும் என்ற இக்கருத்தின் தொடக்கத்தைக் கோசின் சோதனைகளில் காணலாம். அவரது முறை மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றதும், அதனால் அவர் நேசித்த கடற்கரைகளே வறுமையுற்றதும் அவரது வாழ்க்கையின் முரண்களாகும்.

இளமைக்காலம்

கோஸ் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் கோஸ் ஊர் ஊராகச் சென்று சிற்றுருவப் படங்கள் வரைந்து பிழைத்த ஓவியர். தாய் ஹன்னா திருமணத்திற்கு முன் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தவர். குடும்பம் டார்செட் மாவட்டத்தின் பூல் என்னும் துறைமுக நகரில் குடியேறியது. வருவாய் குறைந்த குடும்பமாதலால் கோசின் பள்ளிக்கல்வி விரைவில் முடிவுற்றது.

இவரது அத்தை சூசன் பெல் இவருக்கு ஓவியமும் இயற்கை அறிவும் புகட்டினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற விலங்கியலாளரான தாமஸ் பெல் இந்த அத்தையின் மகனாவார். கடற்சாமந்திகளைக் கடல்நீர் நிரம்பிய கலத்தில் இட்டு வளர்த்துப் பார்க்கலாம் என்று சிறுவன் கோசுக்கு முதலில் சொன்னவரும் அத்தையே. அந்நாளில் அவ்வாறு இட்ட உயிர்கள் சில நாட்களில் மடிந்துவிடும். நீரை நாள்தோறும் மாற்றுவதைத் தவிர வேறு வழி எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பதினைந்தாம் வயதில் பூல் நகரில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கு அறையில் எழுத்தராகச் சேர்ந்தார். 1827 ஆம் ஆண்டில் பதினேழு வயதில் கடல் கடந்து நியூபவுண்ட்லாந்துத் தீவின் கார்போனியர் என்னும் ஊருக்கு எழுத்தராக அனுப்பப்பட்டார்.

வட அமெரிக்காவில்

நியூபவுண்ட்லாந்தில் எட்டு ஆண்டுகள் தங்கிய கோஸ், 1832 ஆம் ஆண்டில் நுண்ணோக்கி பற்றிய பழைய நூல் ஒன்றை வாங்கினார். அதன் பின் பூச்சிகளைச் சேகரிப்பதிலும் அவற்றை உருப்பெருக்கி வரைவதிலும் முழுமனதாக ஈடுபட்டார். அதே காலத்தில் ஆழ்ந்த கிறித்தவப் பற்றும் அவரிடம் வேரூன்றியது. அறிவியலும் சமயமும் அவரது வாழ்நாள் முழுவதும் இணைந்தே சென்றன.

1835 ஆம் ஆண்டில் நண்பர்களுடன் கனடாவின் காம்ப்டன் பகுதியில் நிலம் வாங்கி வேளாண்மை செய்தார். அது தோல்வியுற்றது. 1838 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பருத்தித் தோட்ட உரிமையாளர்களின் பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் ஆசிரியராக இருந்தார். அங்கு கண்ட அடிமைமுறை அவருக்கு வெறுப்பை ஊட்டியது. 1839 ஆம் ஆண்டில் கையில் பொருள் ஏதும் சேராமல், ஓவியங்களும் குறிப்பேடுகளும் மட்டும் கொண்டு இங்கிலாந்து திரும்பினார். கனடா அனுபவங்களைக் கொண்டு எழுதிய முதல் நூல் 1840 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஜமைக்காப் பயணமும் திருமணமும்

சில காலம் லண்டனில் சிறு பள்ளி ஒன்றை நடத்திய பின், எழுத்தையே தொழிலாகக் கொண்டார். 1844 ஆம் ஆண்டின் இறுதியில் உயிரினங்களைச் சேகரித்து அனுப்பும் பணிக்காக ஜமைக்கா சென்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கினார். சாமுவேல் காம்ப்பெல் என்ற கருப்பின இளைஞர் அங்கு அவருக்கு உதவியாளராக இருந்தார். இப்பயணத்தின் பயனாக ஜமைக்காவின் பறவைகள் பற்றிய நூல் 1847 ஆம் ஆண்டிலும், அத்தீவின் இயற்கை பற்றிய நூல் 1851 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

1848 ஆம் ஆண்டில் சமய எழுத்தாளரும் கவிஞருமான எமிலி போவ்சை மணந்தார். இருவரும் பிளிமத் சகோதரர் எனப்படும் கிறித்தவக் குழுவைச் சேர்ந்தவர்கள். 1849 செப்டம்பரில் இவர்களுக்கு எட்மண்ட் என்ற ஒரே மகன் பிறந்தான். பிற்காலத்தில் எட்மண்ட் கோஸ் புகழ்பெற்ற இலக்கியத் திறனாய்வாளராக விளங்கினார்.

கோசுக்கு முன் இருந்த முயற்சிகள்

கோசின் பங்களிப்பை விளங்கிக்கொள்ள அவருக்கு முன்னும் உடனும் நடந்த முயற்சிகளை அறிதல் வேண்டும்.

லண்டன் மருத்துவரான நத்தானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் ஆண்டுக்கணக்கில் வாழும் என்பதைக் கண்டறிந்து 1842 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1845 ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. அதனால் கண்ணாடித் தொட்டிகளின் விலை குறைந்தது.

1846 ஆம் ஆண்டில் அன்னா தைன் என்ற அம்மையார் டெவன் மாவட்டத்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவரது கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் பொறுப்பு வகித்த பாதிரியார். முதலில் கடல்நீரைத் தொடர்ந்து வருவித்து மாற்றி வந்த அன்னா, பின்னர் அதே நீரைப் பணிப்பெண்ணைக் கொண்டு திறந்த சாளரத்தின் அருகே ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மீண்டும் மீண்டும் ஊற்றச் செய்தார். இவ்வாறு காற்று கலந்த நீரில் பவளங்கள் உயிருடன் இருந்தன. பின்னர் கடற்பாசிகளையும் சேர்த்தார். வீட்டில் பவளம் வளர்த்தவர்களுள் பெயர் அறியப்பட்ட முன்னோடி இவரே எனலாம். இவரது குறிப்புகள் 1859 ஆம் ஆண்டில்தான் அச்சேறின. அவற்றுக்குக் கோஸ் விளக்கக் குறிப்புகள் சேர்த்தார்.

வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850 ஆம் ஆண்டில் லண்டன் வேதியியல் கழகத்தில் தம் சோதனையை விளக்கினார். நன்னீர்த் தொட்டியில் பொன்மீன்களுடன் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை வளர்த்தபோது, செடி ஆக்சிசனை வெளியிட்டது. மீன்கள் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு செடிக்குப் பயன்பட்டது. ஆயினும் அழுகிய இலைகளால் நீர் கெட்டது. நத்தைகளை இட்டதும் அவை அழுகலைத் தின்று தீர்க்க, நீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை ஆகிய மூன்றின் சமநிலையே தொட்டியின் உயிர் என்பது அவர் கண்ட முடிவு. பின்னர் அவர் கடல்நீரிலும் இச்சோதனையைத் தொடங்கினார்.

டெவன் கடற்கரையில்

இடைவிடாத எழுத்துப்பணியால் உடல்நலம் குன்றிய கோஸ், 1852 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடும்பத்துடன் டெவன் கடற்கரைக்குச் சென்றார். முதலில் டார்க்கிக்கு அருகிலுள்ள செயின்ட் மேரிசர்ச்சிலும், பின்னர் வடகரையிலுள்ள இல்பிரகூமிலும் தங்கினார். ஓதம் வற்றும் வேளைகளில் பாறைக் குட்டைகளில் இறங்கி, சுத்தியலும் உளியும் கொண்டு கடற்சாமந்திகளைப் பாறையோடு பெயர்த்தெடுப்பது அவரது வழக்கம்.

இல்பிரகூமில் செந்நிறமும் பொன்னிறமும் கொண்ட சிறு பவளம் ஒன்றைக் கண்டு, அதற்குப் பலனோபில்லியா ரீஜியா என்று பெயரிட்டார். இதுவும், அதே கரையில் வாழும் டெவன்சயர் கிண்ணப் பவளமும் தனித்தனியாக வாழும் குளிர்நீர்ப் பவளங்கள். வெப்பமண்டலப் பவளத்திட்டுகளை ஆக்கும் பவளங்களின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்ந்து உணவளிக்கின்றன. கோஸ் வளர்த்த பவளங்களில் அத்தகைய பாசிகள் இல்லை. எனவே அவற்றுக்கு வலிமையான ஒளி தேவைப்படவில்லை. சிறு இறைச்சித் துண்டுகளும் தூய நீருமே போதுமாயின. மங்கலான ஆங்கிலேய வீட்டுச் சாளரத்தருகே அவை வாழ முடிந்ததற்கு இது முக்கியக் காரணமாகும்.

நீரை மாற்றாமலே இவ்வுயிர்களைக் காக்க முடியுமா என்பதைக் கோஸ் பல கலங்களில் சோதித்தார். எல்லாக் கடற்பாசியும் இதற்குப் பயன்படா என்பதைக் கண்டார். பெரிய பழுப்புப் பாசிகள் விரைவில் அழுகி நீரைக் கெடுத்தன. உல்வா எனப்படும் பச்சைப் பாசியும் சில செம்பாசிகளும் நன்கு தழைத்தன. இச்சோதனைகளின் முடிவை 1852 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அறிவியல் இதழில் வெளியிட்டார். வாரிங்டனும் கடல்நீரில் இதே முடிவுக்குத் தனியாக வந்திருந்தார். அடுத்த ஆண்டு டெவன் கடற்கரை உலாக்கள் பற்றிய கோசின் நூல் வெளிவந்தது. அதன் பின்னிணைப்பில் தொட்டி அமைக்கும் முறையும் விளக்கப்பட்டிருந்தது.

லண்டன் விலங்குக் காட்சிசாலையின் மீன் இல்லம்

லண்டன் விலங்கியல் கழகம் ரீஜன்ட் பூங்காவில் இருந்த தன் காட்சிசாலையில் நீர்வாழ் உயிர்களுக்கெனத் தனிக் கட்டடம் ஒன்றை எழுப்பியது. 1853 மே மாதத்தில் திறக்கப்பட்ட இம்மீன் இல்லமே உலகின் முதல் பொது நீர்வாழ் உயிரினக் காட்சியகமாகக் கருதப்படுகிறது. அதற்குரிய கடல் உயிர்கள் பலவற்றைக் கோஸ் திரட்டி அளித்தார். அவ்வாண்டில் வேமவுத் என்னும் கடற்கரை ஊரில் தங்கி, கரையிலும் படகிலும் உயிர்களைச் சேகரித்து, நீர்க்கலங்களில் அடைத்து இரயில் மூலம் லண்டனுக்கு அனுப்பினார்.

இவ்வனுபவங்களை விரித்து எழுதிய நூல் 1854 ஆம் ஆண்டில் அக்குவாரியம் என்ற தலைப்பில் வெளிவந்தது. அதுவரை இத்தகைய தொட்டிகள் விவேரியம், அக்குவா-விவேரியம் என்றெல்லாம் அழைக்கப்பட்டு வந்தன. உச்சரிக்க எளிதான ஒற்றைச் சொல்லைக் கோஸ் பரிந்துரைத்தார். இலத்தீனில் கால்நடைகள் நீர் அருந்தும் இடத்தைக் குறித்த சொல் அது. நூலிலிருந்த வண்ணப் படங்கள் கோஸ் வரைந்தவை. நூல் பெரும் விற்பனையைக் கண்டது.

செயற்கைக் கடல்நீர்

லண்டன் போன்ற உள்நாட்டு நகரங்களில் கடல்நீர் பெறுவது கடினமாக இருந்தது. படகிலும் இரயிலிலும் பீப்பாய்களில் அடைத்து வருவிக்க வேண்டும். தூய்மையற்ற பீப்பாயில் வந்த நீர் தொட்டி முழுவதையும் அழித்துவிடும். இதற்குத் தீர்வாகக் கடல்நீரை வீட்டிலேயே தயாரிக்கக் கோஸ் முனைந்தார்.

ஆங்கிலக் கால்வாயின் நீரைப் பகுத்தாய்ந்த ஷ்வைட்சர் என்ற வேதியியலாளரின் அட்டவணையை அவர் அடிப்படையாகக் கொண்டார். 1854 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கலவை, ஏறத்தாழ நான்கு குவார்ட் (4.5 லிட்டர்) நீருக்குப் பின்வருமாறு அமைந்தது. அடைப்புக்குறிக்குள் இன்றைய அளவுகள் தரப்பட்டுள்ளன.

- சமையல் உப்பு - மூன்றரை அவுன்சு (99 கிராம்)
- எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட்டு - கால் அவுன்சு (7 கிராம்)
- மக்னீசியம் குளோரைடு - 200 கிரெயின் (13 கிராம்)
- பொட்டாசியம் குளோரைடு - 40 கிரெயின் (2.6 கிராம்)

கலவையை வடிகட்டித் தொட்டியில் ஊற்றியதும் அவர் விலங்குகளை இடவில்லை. முதலில் கூழாங்கற்களையும், பச்சைப் பாசி ஒட்டிய கற்களையும் இட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருந்தார். பாசி ஆக்சிசன் குமிழிகளை வெளியிடத் தொடங்கிய பின்னரே கடற்சாமந்தி முதலிய உயிர்களை இட்டார். பல வாரங்கள் கழித்தும் அவை நலமுடன் இருந்தன. ஆயினும் இயற்கைக் கடல்நீர் கிடைக்கும் இடத்தில் அதுவே சிறந்தது என்றும் அவர் எச்சரித்தார்.

1855 ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூலில் பராமரிப்பு முறைகளை எளிமையாகத் தொகுத்தார். தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. எனவே குறைந்த அளவை ஈடுசெய்யக் கடல்நீரை ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் மிகும். நன்னீரையே ஊற்ற வேண்டும். இறந்த உயிரையும் அழுகிய பாசியையும் உடனே அகற்ற வேண்டும். வெயில் நேராக விழக் கூடாது. இடத்திற்கு மிகுதியாக விலங்குகளை நெருக்கி வைக்கக் கூடாது. இவ்விதிகள் இன்றும் மாறவில்லை.

கோசின் கலவையும் இன்றைய அறிவும்

கோசின் கலவையில் ஒரு முக்கியமான குறை இருந்தது. ஷ்வைட்சரின் அட்டவணையில் இருந்த கால்சியம் சேர்மங்களை அவர் விட்டுவிட்டார். கால்சியம் சல்பேட்டு நீரில் எளிதில் கரையாது என்பதும், கால்சியம் கார்பனேட்டின் அளவு மிகச் சிறிது என்பதும் அவர் கூறிய காரணங்கள். தொட்டியின் அடியில் இடப்படும் சிப்பித் துண்டுகளும் பவளத் துண்டுகளும் தேவையான சுண்ணாம்பைத் தரும் என அவர் கருதினார்.

பவளம் தன் எலும்புக்கூட்டை அரகோனைட்டு என்னும் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்கு நீரில் கரைந்த கால்சியம் ஒரு பங்கு. கார்பனேட்டு மற்றொரு பங்கு. இயற்கைக் கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியமும், 1,300 மில்லிகிராம் அளவில் மக்னீசியமும் உள்ளன. கார்பனேட்டு, பைகார்பனேட்டு ஆகியவற்றின் இருப்பைக் காட்டும் அளவே காரத்தன்மை எனப்படுகிறது. வளரும் பவளம் நாள்தோறும் இவ்விரண்டையும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கடலில் இவ்விழப்பு தெரிவதில்லை. சிறு தொட்டியிலோ சில நாட்களிலேயே நீரின் தன்மை மாறிவிடும். காரத்தன்மை வீழ்ந்தால் வளர்ச்சி நிற்கும். அதை ஒரே முறையில் மிகுதியாக ஏற்றினால், கால்சியம் கார்பனேட்டு வீழ்படிவாகி நீரில் வெண்பொடியாகப் படியும். மக்னீசியம் போதிய அளவு இருப்பது இவ்வீழ்படிவைத் தடுக்க உதவுகிறது. எனவே ஒவ்வோர் அளவும் சரியாக இருப்பது மட்டும் போதாது. அவை நாளுக்கு நாள் மாறாமலும் இருத்தல் வேண்டும்.

இதன்படி கோசின் நீரில் கடற்சாமந்தி வாழலாம். ஏனெனில் அதற்கு எலும்புக்கூடு இல்லை. பவளம் சில காலம் உயிருடன் இருக்கலாம். விரைந்து வளர இயலாது. மெதுவாக வளரும் குளிர்நீர்ப் பவளங்களையே அவர் வைத்திருந்ததால் இக்குறை எளிதில் புலப்படவில்லை. கடின நீரைப் பயன்படுத்தினால் அதிலிருந்தும் சிறிதளவு கால்சியமும் பைகார்பனேட்டும் கிடைத்திருக்கும்.

எனினும் சிப்பித் துண்டுகள் பற்றிய அவரது எண்ணம் முற்றிலும் தவறானதன்று. கால்சியம் குறைந்த நீரில் அவை மெல்லக் கரையும். நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் இன்னும் விரைவாகக் கரையும். இன்றைய பவளத்தொட்டிகளில் பயன்படும் கால்சியம் உலைக்கலன் இதே அடிப்படையில் இயங்குகிறது. பவளக் கற்கள் நிரம்பிய குழாயினுள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, கரைந்த சுண்ணாம்பைத் தொட்டிக்கு அனுப்புவதே அதன் வேலையாகும்.

ஒரு வாரம் காத்திருந்த முறையும் அவ்வாறே. விலங்குகளின் கழிவிலிருந்து நச்சுத்தன்மையுள்ள அம்மோனியா உருவாகிறது. கற்களில் படியும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 1850களில் இது எவருக்கும் தெரியாது. இச்செயலில் நுண்ணுயிர்களின் பங்கு 1877 ஆம் ஆண்டில் பிரான்சில் நிறுவப்பட்டது. நீர் தெளிவதற்குப் பாசியே முழுக்காரணம் எனக் கோஸ் எண்ணினார். கடற்கரையிலிருந்து அவர் கொண்டுவந்த கற்களில் கண்ணுக்குத் தெரியாத பணியாளர்களும் வந்திருந்தனர் என்பதை அவர் அறியவில்லை.

துயரமும் சர்ச்சையும்

1856 ஆம் ஆண்டில் கோஸ் லண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் எமிலிக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. பல மாதங்கள் கடும் வேதனை தந்த சிகிச்சைக்குப் பின் 1857 பெப்ரவரியில் அவர் காலமானார். மகன் எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது.

அவ்வாண்டிலேயே கோஸ் தம் நூல்களுள் மிகுந்த சர்ச்சைக்குரியதான ஓம்பலோஸ் என்பதை வெளியிட்டார். புவியின் தொன்மைக்கு நிலவியலாளர் காட்டிய சான்றுகளையும், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகம் படைக்கப்பட்டது என்ற சமய நம்பிக்கையையும் இணைக்க அவர் முயன்றார். படைக்கப்படும் மரத்திற்கு ஆண்டு வளையங்கள் இருப்பதைப் போல, உலகமும் கடந்த காலத்தின் தடயங்களுடனேயே படைக்கப்பட்டது என்பது அவரது வாதம். அறிவியலாளரும் சமயவாதிகளும் ஒருங்கே இதனைப் புறக்கணித்தனர். அவரைப் போற்றி எழுதிய நண்பர் சார்லஸ் கிங்ஸ்லியும் இதனை ஏற்கவில்லை. நூலின் பெரும்பாலான படிகள் விற்காமல் போயின. இத்தோல்வி கோசை மிகவும் வாட்டியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மகனுடன் செயின்ட் மேரிசர்ச்சுக்கு நிலையாகக் குடிபெயர்ந்தார்.

கடற்சாமந்திகளும் பவளங்களும் பற்றிய நூல்

துயரத்திலிருந்து கோசை மீட்டது கடற்கரையே. 1858 முதல் 1860 வரை பகுதிகளாக வெளிவந்த ஆக்டினோலோஜியா பிரிட்டானிக்கா என்ற நூல் பிரித்தானியாவின் கடற்சாமந்திகளையும் பவளங்களையும் விரிவாக வகைப்படுத்தியது. தம் தொட்டிகளில் உயிருடன் இருந்தவற்றை நாள்தோறும் நோக்கி வரைந்ததால் வண்ணப் படங்கள் துல்லியமாக அமைந்தன. சாராயத்தில் இட்ட கடற்சாமந்தி நிறமிழந்து சுருங்கிவிடும். அது விரிந்து உணவு பற்றுவதையும் இனம் பெருக்குவதையும் உயிருள்ள நிலையில்தான் காண முடியும். நிலையான நீர் இங்கு அறிவியல் கருவியாகவே பயன்பட்டது. ஜெர்மனியில் வாழ்ந்த கண்ணாடிக் கலைஞர் லியோபோல்ட் பிளாஷ்கா 1860களில் செய்த புகழ்பெற்ற கண்ணாடிக் கடற்சாமந்திகள் இந்நூலின் படங்களைக் கொண்டே உருவாயின.

1860 ஆம் ஆண்டில் எலைசா பிரைட்வென் என்பவரைக் கோஸ் மறுமணம் செய்துகொண்டார்.

கடற்கரைகளின் அழிவு

கோசின் நூல்கள் 1850களில் பிரித்தானியா முழுவதும் கடல்நீர்த் தொட்டி மோகத்தை எழுப்பின. இரயில் பாதைகள் கடற்கரை ஊர்களை எட்டியதும் இதற்குத் துணைபுரிந்தது. தொட்டிகளையும் உயிர்களையும் விற்கும் கடைகள் லண்டனில் தோன்றின. கோசே இல்பிரகூமில் கடற்கரை வகுப்புகள் நடத்தி, பாறைக் குட்டைகளில் தேடும் முறையைக் கற்பித்தார்.

ஆனால் வாங்கியவர்களுள் பலர் நீரைப் பேணும் பொறுமை அற்றவர்கள். அவர்கள் தொட்டிகளில் நீர் கலங்கியது, உயிர்கள் மடிந்தன. மடிந்தவற்றுக்கு ஈடாக மீண்டும் கடற்கரையிலிருந்து உயிர்கள் பெயர்க்கப்பட்டன. பல நூற்றாண்டுகளாகக் கை படாதிருந்த பாறைக் குட்டைகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. தந்தையுடன் அக்குட்டைகளில் இறங்கி வளர்ந்த எட்மண்ட் கோஸ், 1907 ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இவ்வழிவைத் துயரத்துடன் பதிவு செய்துள்ளார். இதற்கு அறியாமல் தாமே காரணமானதை எண்ணித் தந்தை வருந்தியதையும் அவர் குறிப்பிடுகிறார்.

நீரின் தன்மை நிலைபெறாத தொட்டி, கடலிலிருந்து உயிரை ஓயாமல் உறிஞ்சும் தொட்டியாகிவிடுகிறது என்பதே இந்நிகழ்வு தரும் பாடம். 1860களில் மோகம் தணிந்தது.

இறுதிக்காலம்

பிற்காலத்தில் கோஸ் ஆர்க்கிட் மலர்களை வளர்ப்பதிலும் நுண்ணோக்கி ஆய்வுகளிலும் ஈடுபட்டார். படிவளர்ச்சிக் கொள்கையை அவர் ஏற்காதபோதும், சார்லஸ் டார்வினுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ரோட்டிஃபர் எனப்படும் நுண்ணிய நீர்விலங்குகள் பற்றி ஹட்சன் என்பவருடன் இணைந்து எழுதிய பெருநூல் 1886 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1888 ஆகஸ்ட் 23 அன்று தம் 78 ஆம் வயதில் செயின்ட் மேரிசர்ச்சில் காலமானார்.

தாக்கம்

கோசுக்குப் பின் நீரை நிலைநிறுத்தும் முறை பல படிகளில் வளர்ந்தது. லண்டனில் தொட்டி வணிகம் செய்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு, காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருண்ட தேக்கத்தில் நீரை வைத்து, எந்திரத்தால் ஓயாமல் சுழலச் செய்யும் முறையை வளர்த்தார். 1871 ஆம் ஆண்டில் லண்டன் கிரிஸ்டல் அரண்மனையில் திறக்கப்பட்ட காட்சியகம் இம்முறையில் இயங்கியது. நீரின் அளவு மிகுந்தால் அதன் மாற்றம் குறையும் என்பதே இதன் அடிப்படை.

1961 ஆம் ஆண்டில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே வெப்பமண்டலப் பவளங்களை வளர்க்கும் முறையை வெளியிட்டார். 1970களில் பீட்டர் வில்கென்ஸ், தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒருங்கே ஈடுசெய்யும் முறையைப் பரப்பினார். கோஸ் தம் கலவையில் விட்ட பொருள் இவ்வாறு தொட்டிக்குத் திரும்பியது. இன்று ஒரே பவளத்தை வெட்டித் துண்டுகளாக்கி வளர்த்துப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. கற்பவளங்களின் பன்னாட்டு வணிகம் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

முக்கிய நூல்கள்

- கனடா நாட்டு இயற்கையியலாளர் (1840)
- ஜமைக்காவின் பறவைகள் (1847)
- டெவன்சயர் கடற்கரையில் ஓர் இயற்கையியலாளரின் உலாக்கள் (1853)
- அக்குவாரியம் (1854)
- கடல்நீர்த் தொட்டிக் கைந்நூல் (1855)
- டென்பி: ஒரு கடற்கரை விடுமுறை (1856)
- ஓம்பலோஸ் (1857)
- ஆக்டினோலோஜியா பிரிட்டானிக்கா (1858-1860)
- நுண்ணோக்கியுடன் மாலைப்பொழுதுகள் (1859)
- ரோட்டிஃபர்கள், ஹட்சனுடன் இணைந்து (1886)